குவைத்துக்குள் நுழைந்த ஈராக்: அத்தனை நாடுகள் ஏன் போருக்கு வந்தன?

ஹட்டன் மாணவி:
என் அம்மாயி 1990இல் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். லயத்துக் காம்பராவில், பிஸ்கட் டின்னுக்குள், செல்லாத குவைத் தினார் நோட்டு ஒன்றை இன்றும் மடித்து வைத்திருக்கிறார். ஈராக் நுழைந்தது ஒரு சின்ன நாட்டுக்குள். அது எப்படிப் பெரும்போரானது?

தலவாக்கலை ஆசிரியர்:
மகள், கடனிலிருந்து தொடங்குங்கள். ஈரானுடன் எட்டு ஆண்டுகள் போரிட்ட ஈராக், குவைத்துக்கும் சவூதிக்கும் பெருங்கடன் பட்டிருந்தது. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது, எல்லையிலுள்ள ருமைலா எண்ணெய் வயலில் திருடுகிறது என்று ஈராக் ஜனாதிபதி சதாம் ஹுசைன் குற்றம் சாட்டினார். ஆகஸ்ட் 2 அன்று படை புகுந்தது. ஒரு வாரத்துக்குள் குவைத்தை ஈராக்குடன் இணைத்துவிட்டதாக அறிவித்தார். என் கணிப்பில் அதுதான் திருப்பம். ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றை அப்படியே விழுங்கினால் நாளை எந்தச் சின்ன நாட்டுக்குப் பாதுகாப்பு? அடுத்தது சவூதியோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. குவைத்தை விட்டு வெளியேற 1991 ஜனவரி 15 வரை ஐ.நா. கெடு கொடுத்தது, ஈராக் அசையவில்லை. 17இல் அமெரிக்கக் கூட்டணி குண்டு வீசத் தொடங்கியது. ஈராக் இஸ்ரேல் மீதும் சவூதி மீதும் ஏவுகணை வீசியது.

பொகவந்தலாவை வாசகர்:
ஈராக் நம் தேயிலையை வாங்கிய நாடு, ஐயா. ஆகஸ்ட் 6இல் ஐ.நா. விதித்த வணிகத் தடையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹட்டன் மாணவி:
நன்றி சேர். இதை அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். ஜோர்தான் எல்லைப் பாலைவன முகாமில் ஒரு போத்தல் தண்ணீரை மூன்று பெண்கள் பங்கிட்டுக் குடித்ததை இன்றுதான் முதன்முதலாகச் சொன்னார்.