பெருக்கம் வேண்டாம், குறிமுறை ஆதாயம்னே வைப்போம்

ஐயா, 'coding gain'ங்கிறதுக்கு நீங்க 'குறிமுறைப் பெருக்கம்'னு சொன்னீங்க. 'பெருக்கம்' ஆம்ப்ளிஃபயருக்குச் சரி, ஆனா பிழைதிருத்தக் குறிமுறைகளை, அதாவது வழியில கெட்ட பிட்டுகளைத் திருத்த கூடுதல் பிட்டு சேர்த்து அனுப்புற முறைகளை, ஒப்பிடுறப்ப இங்க எதுவும் பெருகலையே. ஒரே பிழை விகிதத்துக்கு வர, குறிமுறை இல்லாம ஒரு தகவல் பிட்டுக்கு எவ்வளவு ஆற்றல் வேணும், குறிமுறை போட்டா எவ்வளவு போதும், எத்தனை டெசிபல் (ரெண்டு ஆற்றலோட விகிதத்தை மடக்கையில சொல்ற அலகு) மிச்சம், அவ்வளவுதான் விஷயம். அதனால 'குறிமுறை ஆதாயம்'னு வைக்கலாம்ங்கிறேன்.

ஆதாயம்னாலே செலவு போகக் கையில நிக்கிறது. ஒவ்வொரு பிட்டையும் மூணு தடவை அனுப்புற முறையை எடுத்துக்கோங்க, 1க்கு 111, 0க்கு 000. மூணுல ஒண்ணு கெட்டாலும் திருத்திடும், பார்க்கப் பிரமாதமா இருக்கும். ஆனா இருக்கிற ஆற்றலை மூணாப் பிரிச்சுல்ல அனுப்புறோம், ஒவ்வொண்ணும் வலு குறைஞ்சு போகுது, கெடுறதும் கூடுது. வெள்ளை இரைச்சல்ல (எல்லா அலைவெண்ணுலயும் ஒரே அளவா இருக்கிற இரைச்சல்) கணக்குப் பார்த்தா வீதத்தையும் (அனுப்புற பிட்டுகள்ல தகவல் பிட்டோட பங்கு) மிகச்சிறு தொலைவையும் (அனுப்பக்கூடிய எந்த ரெண்டு தொடரும் குறைஞ்சது எத்தனை இடத்துல வேறுபடுதுங்கிறது) பெருக்கணும், 1/3 × 3 = 1, அதாவது 0 டெசிபல், ஒண்ணுமே மிஞ்சல. அதுவும் வந்த சிக்னல் அளவை அப்படியே கூட்டிப் பார்த்தாத்தான். முதல்லயே ஒவ்வொண்ணையும் 0ஆ 1ஆன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் பெரும்பான்மை பார்த்தா சுமார் 1.76 டெசிபல் நட்டம். 'நட்டம்' எவ்வளவு இயல்பா வந்து ஒட்டுது பாருங்க, இதையே 'எதிர்மப் பெருக்கம்'னு எழுதினா யாருக்கு விளங்கும்?

கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் 1950ல வெளியிட்ட (7,4) குறிமுறையும், அதாவது 4 தகவல் பிட்டை 7 பிட்டா அனுப்புறதும், ஒரே ஒரு பிழையைத்தான் திருத்தும், தொலைவும் அதே 3தான், ஆனா வீதம் 4/7, பெருக்கினா 12/7, கிட்டத்தட்ட 2.3 டெசிபல் ஆதாயம். வாயேஜர் விண்கலம் கலர் படம் அனுப்பப் பயன்பட்ட கோலே (24,12) குறிமுறையில தொலைவு 8, 1/2 × 8 = 4, அதாவது 6 டெசிபல், நாலுல ஒரு பங்கு ஆற்றல் போதும்னு அர்த்தம், அவ்வளவு தூரத்துல இருக்கிற விண்கலத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இதெல்லாம் பிழை விகிதம் ரொம்பக் கீழ போறப்ப நெருங்குற உச்சம், நடைமுறையில குறைவாத்தான் கிடைக்கும், அதனால இந்தக் கணக்கை மட்டும் 'உச்ச ஆதாயம்'னு பிரிச்சுச் சொல்லணும்.

'ஈட்டம்' நல்ல சொல்தான், ஆனா அது செலவு கழிக்காத வருமானம் மாதிரி காதுல விழுது, மூணு தடவை அனுப்புற முறை கூட ஏதோ ஈட்டின மாதிரி ஆயிடும். 'குறியீட்டு ஆதாயம்'னும் வேண்டாம், கூட்டல் கழித்தல் அடையாளத்தையும் குறியீடுன்னுதானே சொல்றோம். குறிமுறைன்னா அனுப்புற முறைன்னு தெளிவாத் தெரியுது.