ரீசனபிள் அகாமடேஷன்: ‘உரிய மாற்றமைப்பு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘ரீசனபிள் அகாமடேஷன்’ (reasonable accommodation), அதாவது மாற்றுத்திறனாளி ஒருவருக்காக வேலையிடமோ தேர்வோ செய்துதர வேண்டிய மாற்றம், இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றாக என் கருத்தைச் சொல்கிறேன்.

> ‘நியாயமான இடவசதி’ என்றே வைக்கலாம். எந்திர மொழிபெயர்ப்பும் அப்படித்தான் தருகிறது.

இதை ஏற்க முடியவில்லை. இடவசதி என்றதும் விடுதி அறையோ உட்காரும் இடமோதான் மனதில் வரும். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையில் இந்தச் சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலை செய்யும் பார்வையற்ற நிரலாளர் அதைப் படித்ததும், எதைக் கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்பது அவருக்குப் புரிய வேண்டும். அதற்கு உதவாத சொல்லால் என்ன பயன்?

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு வரையறை தருகிறது. மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகத் தங்கள் உரிமைகளைப் பெற, குறிப்பிட்ட ஒரு நேர்வில் தேவைப்படுகிற பொருத்தமான மாற்றங்கள். அவை அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தக் கூடாது. ஐ.நா.வின் 2006 உடன்படிக்கையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இதில் ‘குறிப்பிட்ட ஒரு நேர்வில்’ என்பதை விட்டுவிடக் கூடாது. சாய்தளம், திரைவாசிப்பானோடு (திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) ஒத்துப்போகும் இணையதளம் இவையெல்லாம் யார் வரப்போகிறார் என்று தெரியாமலே முன்கூட்டிச் செய்து வைப்பவை. அதற்கு ‘அணுகல்தன்மை’ என்ற சொல் இருக்கிறது, நன்றாகவே புழங்குகிறது. நாம் தேடும் சொல், இந்த ஒருவருக்கு, இந்த வேலையில் என்ன மாற வேண்டும் என்பதைக் குறிப்பது.

2021-இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பேசியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒரு தேர்வர், தனக்குப் பதிலாக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். குறைபாடு சட்டம் சொல்லும் 40 சதவீத அளவை எட்டவில்லை என்று சொல்லி அதை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

சரி, தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வருவோம். ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி (SAP), ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை 2013-இல் அறிவித்தது. முன்னோட்டம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2015-இல் இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியது. இரண்டிலும் முக்கியமாக மாறியது நேர்காணல்தான். கண்ணைப் பார்த்துப் பேசுவதிலும், சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வதிலும் தடுமாறுகிற ஒருவர், நிரலில் பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம். வழக்கமான கேள்வி-பதில் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் வந்தவர்களைக் கூடுதல் நாட்கள் வேலை செய்ய வைத்தே திறமையைப் பார்த்தார்கள். எஸ்ஏபி லெகோ ரோபோக்களைக் கட்டிப் பார்க்கக் கொடுத்தது. இதில் கட்டடத்துக்குள் புதிதாக எந்த வசதியும் வரவில்லை; ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. ‘வசதி’ என்று முடிகிற எந்தச் சொல்லும் இதைத் தாங்காது என்று நான் நினைப்பது அதனால்தான்.

> ‘தகவமைப்பு’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

நல்ல சொல்தான், ஆனால் உயிரியல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. பாலைவனத்துக்கு ஏற்ப ஒட்டகத்தின் உடல் அமைந்திருப்பது தகவமைப்பு. அதாவது, சூழல் அப்படியே இருக்கும், உயிர்தான் மாறும். இத்தனை காலமும் மாற்றுத்திறனாளிகளிடம் அலுவலகங்கள் எதிர்பார்த்தது இதைத்தான்! இப்போது மாற வேண்டியது அலுவலகம்.

‘சலுகை’ என்ற பரிந்துரையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். சலுகை என்பது கொடுப்பவர் மனது வைத்தால் கிடைப்பது, அவர் நினைத்தால் நின்றுபோவது. கூட்டங்களில் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்துரை ஓட வேண்டும் என்று கேட்கவே காது கேளாத ஊழியர்கள் பலர் தயங்குகிறார்கள். கேட்டால் ‘இவரால் முடியாது’ என்று முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. சொல்லிலேயே கெஞ்சல் இருந்தால் அந்தப் பயம் கூடத்தான் செய்யும். ‘அரவணைப்பு’ என்ற பரிந்துரைக்கும் இதே மறுப்புதான்.

என் பரிந்துரை ‘உரிய மாற்றமைப்பு’. மாற்றி அமைப்பது என்பது எல்லோருக்கும் தெரிந்த வினை. மாறுவது வேலை நேரமா, கருவியா, தேர்வு முறையா என்ற கேள்விக்கும் அதில் இடம் இருக்கிறது. ‘உரிய’ என்பதில் பொருத்தமானது என்ற பொருளும் உண்டு, ஒருவருக்குச் சேர வேண்டியது என்ற பொருளும் உண்டு. ‘உரிமை’யும் அதே வேரில் வந்ததுதான்.

> ரீசனபிள் என்பதற்கு ‘நியாயமான’ என்பதுதானே நேரான சொல்?

சட்டத்தின் நேர் மொழிபெயர்ப்புக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் தமிழில் ‘நியாயமான கோரிக்கை’ என்றால், கேட்டவர் நியாயமாகக் கேட்டாரா என்று அவரைச் சோதிப்பது போல ஆகிவிடுகிறது. சட்டம் எடைபோடச் சொல்வது நிறுவனத்தின் மேல் விழும் சுமையை. அந்தச் சுமையும் பெரும்பாலும் பெரிதில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே இயங்கும் ஆலோசனை அமைப்பு ஒன்று நிறுவனங்களிடம் கேட்டுத் தொகுத்த தகவலின்படி, இப்படிச் செய்துகொடுத்தவற்றில் ஏறத்தாழ பாதிக்குச் செலவே ஆகவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “நேர்காணலுக்கு உரிய மாற்றமைப்பு தேவைப்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.” “அவர் கேட்ட மாற்றமைப்பு ஒரு வாரத்தில் செய்து தரப்பட்டது.” தடையில்லாமல் ஓடுகிறது. பேச்சில் ‘உரிய’வை விட்டுவிட்டாலும் பொருள் நிற்கிறது.

‘மாற்றுத்திறனாளி’, ‘மாற்றமைப்பு’ என்று இரண்டு ‘மாற்று’ அடுத்தடுத்து வந்தால் குழப்பமாகுமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. மனிதவளத் துறையில் இருப்பவர்களும், திரைவாசிப்பானில் தமிழ் கேட்டுப் பழகியவர்களும் இதைச் சொன்னால் நல்லது. வேறு மறுப்பு இல்லையென்றால் விக்சனரியில் இதற்கு ஒரு பதிவு தொடங்கிவிடுகிறேன்.

அன்புடன்