916 முத்திரை: வாங்குறவங்களுக்குக் காவலா, பட்டறைக்குச் சுமையா?

திருப்பூர்க்காரி
போன வாரம் பழைய செயின் ஒண்ணு மாத்தப் போனேன். 2009-ல எடுத்தது, அஞ்சு பவுன். கொக்கியில "916 கேடிஎம்"னு பளிச்சுனு அடிச்சிருக்கு. 916ன்னா ஆயிரத்துக்கு 916 பங்கு, அதாவது 91.6 சதம் தங்கம் இருக்கணும். மெஷின்ல வெச்சுப் பார்த்தா 84 சதம்தான். எடுத்த கடையே இப்ப இல்லை. பில்லுன்னு இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. 2021 ஜூன் 16-ல இருந்து ஹால்மார்க், அதான் தங்கத்தோட சுத்தத்தைச் சோதிச்சு அடிக்கிற முத்திரை, கட்டாயம் ஆச்சே, அது லேட்டா வந்தாலும் நல்ல காரியம்ங்கிறேன். எங்க தெரு ஆசாரியோ "எங்களை ஒழிச்சுக்கட்ட வந்த சட்டம்"ங்கிறார். எனக்கு ஒப்பலை.

ஊதுகுழல்
அவர் சொன்னதையேதான் நானும் சொல்வேன் அக்கா. கோவையில மூணு தலைமுறைப் பட்டறை எங்களது. முதல்ல ஒண்ணு: கேடிஎம்ங்கிறது தர முத்திரையே இல்லைங்க. நகைத் துண்டுகளை ஒட்டப் பத்தவைக்கிற பொடியில காட்மியம் இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். சூட்டுல காட்மியம் புகையாப் போயிடும், மாத்து, அதாவது தங்கத்தோட சுத்தம், குறையாது. புகை போனது ஊதினவன் நெஞ்சுக்குள்ள. அதனாலதான் ஹால்மார்க் விதியில அதுக்கு இடமில்லை. இன்னிக்கும் கடைக்கு வந்து "கேடிஎம் தானே?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க!

சுமைக்கு வரேன். ஒரு உருப்படிக்கு முத்திரைக் கூலி 45 ரூபாய். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு தடவை கொண்டுபோனா குறைஞ்சது 200 ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி. பெரிய கடைக்காரர் முந்நூறு வளையலை ஒண்ணாக் கொண்டுபோவார். நான் மூணு கிராம் மோதிரம் ஒண்ணே ஒண்ணைக் கொண்டுபோறேன். போக ஒரு நாள், வாங்க ஒரு நாள்.

வரவுசெலவு
நகைக்கடையில் கணக்கு எழுதுபவன் நான். அண்ணன் பாதியைத்தான் சொல்கிறார். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயமே கிடையாது. 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கும் விலக்கு உண்டு. கடைப் பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஒரு முறை பதிந்தால் ஆயுளுக்கும் போதும். சேதாரம் 12 சதம் போடும்போது வராத வலி 45 ரூபாயில் வருகிறதா?

ஊதுகுழல்
தம்பி, பவுன் 80 ஆயிரம்னு வெச்சுக்குங்க. 40 லட்சம்னா எத்தனை பவுன்? அம்பதே அம்பது. மூணு கல்யாண ஆர்டர் வந்தா தாண்டிடும். விலை ஏறிட்டே போகுது, வரம்பு அங்கேயே நிக்குது. விலக்குல இருந்தாலும் ஹால்மார்க் நம்பர் இல்லாத நகையை வாங்க வர்றவங்க தொடக்கூட மாட்டேங்கறாங்க.

தராசுமுள்
கூலியை விடுங்கள். நான் கேட்பது வேறு. முத்திரை இடும் மையம் தனியாருடையது, மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் அங்கீகாரம் மட்டும் கொடுக்கிறது. அந்த மையத்துக்குக் காசு கொடுப்பது யார்? நகைக்கடை. பரீட்சை எழுதுகிறவனே திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிற கதை. தரத்தை எழுதுவதும் பிஐஎஸ், அங்கீகாரம் தருவதும் பிஐஎஸ், ரெய்டு போவதும் பிஐஎஸ்.

சோதனையையும் பாருங்கள். மையத்தில் வைத்திருக்கிற எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-ரே மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். உண்மையைச் சொல்வது உலைச் சோதனை. சுரண்டி எடுத்த துணுக்கை வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் சுருட்டி, 1,000 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் செம்பெல்லாம் ஈயத்தோடு கிண்ணத்தில் இறங்கிவிடும். மிஞ்சுகிற மணியைத் தட்டி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். முன் எடைக்கும் பின் எடைக்கும் உள்ள கணக்குதான் மாற்று. ஒரு தடவை மொத்தமாக வரும் லாட்டில் எல்லா நகைக்கும் இதைச் செய்ய முடியாது. எடுத்த மாதிரி சரியென்றால் மற்றதும் சரி என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

வரவுசெலவு
அந்தச் சந்தேகத்துக்காகத்தான் எச்யூஐடி என்ற அடையாள எண் வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம், உருப்படிக்கு உருப்படி வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கடை, எந்த மையம், என்ன நகை, எத்தனை மாற்று என்று வரும். தப்பு நடந்தால் ஆளைப் பிடிக்கலாம்.

அக்காவின் செயினையே எடுங்கள். 40 கிராமில் ஆயிரத்துக்கு 76 குறைவு, ஏறக்குறைய 3 கிராம் சுத்தத் தங்கம். ஹால்மார்க் நகையில் இது நடந்திருந்தால் அந்த 3 கிராமின் மதிப்பு இரண்டு மடங்காக, சோதனைக் கட்டணத்தோடு கடைக்காரர் தர வேண்டும். பிஐஎஸ் 2018 விதியிலேயே இருக்கிறது.

தராசுமுள்
விதியில் இருக்கிறது, சரி. கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, முத்திரை சொல்வது மாற்றை மட்டும். எடை குறைந்தால் பிஐஎஸ்ஸிடம் போக முடியாது. அது தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் வேலை.

திருப்பூர்க்காரி
நீங்க பேசிட்டு இருக்கறப்பவே தீபாவளிக்கு எடுத்த கம்மலோட நம்பரை லென்ஸ் வெச்சுப் படிச்சு செயலியில போட்டேன். மாற்று 916ன்னு சரியாத்தான் வருது. ஆனா "மோதிரம்"னு காட்டுது! ரெண்டு தடவை போட்டுட்டேன்.

வரவுசெலவு
ஓ-வையும் பூஜ்ஜியத்தையும் மாற்றி அடித்திருக்கலாம், இன்னொரு முறை பாருங்கள்.

திருப்பூர்க்காரி
அந்த நம்பர்ல ஓவும் இல்லை, பூஜ்ஜியமும் இல்லை.

தராசுமுள்
நான் எதுவும் சொல்லவில்லை.

வரவுசெலவு
அப்படியென்றால் வேறொரு நகையின் எண்ணை இதில் அடித்திருக்கிறார்கள். செயலியிலேயே புகார் போடுங்கள். பில்லை ஸ்கேன் செய்து வையுங்கள். கடைக்குச் சொல்வதற்கு முன் அவர்கள் போகாத வேறு மையத்தில் சோதியுங்கள். நாலு உருப்படி வரைக்கும் 200 ரூபாய்தான், பொதுமக்களுக்கும் செய்து தர வேண்டும்.

ஊதுகுழல்
போறப்ப கூடவே நில்லுங்க அக்கா. சுரண்டணும்னா திருகாணி பக்கம், பின்னாடி எடுக்கச் சொல்லுங்க, முகப்புல வேண்டாம். அப்புறமா பட்டறைக்குக் கொண்டாங்க, மெருகு போட்டுத் தரேன். கூலி வேண்டாம்.