ரெக்ரெஷனுக்கு ‘நிலைவழு’: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

உரைத்திருத்தியின் செய்திகளைத் தமிழாக்குகையில், மென்பொருள் துறையில் வழங்கும் ‘ரெக்ரெஷன்’ (regression) என்பதற்குப் ‘பின்னடைவு’ என்றே எழுதிவிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சிகளில் காலை முதல் ஓடும் அச்சொல், ஒருவர் பின்தங்கியிருப்பதை உணர்த்துமே அன்றி, நேற்றுவரை ஒழுங்காக நடந்த ஒரு செயல்பாடு இன்றைய புதுப்பிப்பால் கெட்டுப்போனதை உணர்த்தாது. ரெக்ரெஷனுக்குப் பாடநூல் தரும் ‘தொடர்புப் போக்கு’ என்ற சொல் புள்ளியியலுக்கு உரியது. அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

எப்பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பதை முதலில் வரையறுப்போம். இராயப்பேட்டையில் மெய்ப்புத் திருத்தும் நண்பர் ஒருவர் தம் லினக்ஸ் கணினியைப் புதுப்பித்தபின், உரைத்திருத்தியில் தமிழ் சிதைந்து தெரிவதாகச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே வழுவாக (bug) எழுதி அனுப்பியிருந்தார். கோப்புகளைத் திறந்து பார்த்தால் அங்கே மூன்று வெவ்வேறு செய்திகள் கலந்திருந்தன.

முதலாவது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டேப் (TAB) என்னும் தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் தட்டச்சான பழைய கோப்புகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அவர் அவற்றுக்கு வைத்திருந்தது டைப் 1 என்னும் பழைய வகை எழுத்துரு. எழுத்துகளைத் திரையில் அமைத்துக் காட்டும் பாங்கோ நிரலகம் 2019இல் வெளிவந்த 1.44ஆம் பதிப்பில் அவ்வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. அறிந்தே எடுத்த முடிவு அது. பயனருக்கு இழப்புதான் என்றாலும் அதை வழு என்று சொல்ல முடியாது.

இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. யூனிகோடில் ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முன்னது ஆறு பைட், பின்னது ஒன்பது பைட். இரண்டும் நிகரானவை என்பது தரத்தின் விதி. உரைத்திருத்தியின் பழைய பதிப்பு இரண்டையும் ஒன்றாகவே காட்டியது; புதிய பதிப்போ ஒன்பது பைட் வடிவத்தில் காலுக்கு முன் ஒரு புள்ளிவட்டத்தைச் செருகியது. கோப்பின் பைட்டுகள் மாறவில்லை, எழுத்துரு மாறவில்லை, பழைய பதிப்பை மீண்டும் நிறுவியதும் வட்டம் மறைந்தது. இரு பதிப்புகளுக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் கெடுத்த மாற்றம் அகப்பட்டுவிடும். அவ்வாறு தேடத்தக்கது இது ஒன்றே.

மூன்றாவது, தட்டச்சுப்பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்துவிட்டு ககரத்தை அடித்த சொற்கள். யூனிகோடில் மெய்யே முன்வர வேண்டும். பழைய பதிப்பு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. (வழாநிலை, வழு, வழுவமைதி என்று பிரித்த நம் இலக்கணத்தார் இதை, பிழையானாலும் ஏற்கப்படும் வழுவமைதியில் சேர்த்திருப்பார்கள்.) புதிய பதிப்பு அந்த அமைதியை நீக்கிவிட்டது, அவ்வளவே.

ஆகவே, சரியாக இருந்த நிலையிலிருந்து யாரும் கருதாமலே வழுவியது என்ற பொருளில் ‘நிலைவழு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். ‘வழு’, ‘வழுநீக்கம்’ ஆகியவை ஏற்கெனவே நம் புழக்கத்தில் இருப்பதால் இது அவற்றோடு இயல்பாகப் பொருந்தும். பிழையற்ற வழாநிலை என்பதன் மறுதலையாகவும் காதில் விழும். தரமணி மென்பொருள் அலுவலகங்களில் ‘ரெக்ரெஷன் ஓட்டியாச்சா?’ என்று கேட்கிறவர்கள் நாளையே ‘நிலைவழுச் சோதனை’ என்று பேசப்போவதில்லை என்பது தெரியும்; நாம் இப்போது எழுதுவது பட்டிகளுக்கும் (menu) வெளியீட்டுக் குறிப்புகளுக்கும்தான்.

‘மீள்வழு’ என்ற மாற்றுச் சொல்லும் வந்திருக்கிறது. ஒருமுறை நீக்கப்பட்டு மறுபடி தலைகாட்டும் வழுவுக்கு அது பொருந்தும். நண்பரின் புள்ளிவட்டமோ முன்னெப்போதும் தோன்றியதில்லை. எனவே மீள்வழுவை நிலைவழுவின் ஓர் உட்பிரிவாக வைத்துக்கொண்டு, பொதுச்சொல்லாக ஆளாமல் விடுவதே நல்லது. வினையாக வரும் இடங்களில் ‘நிலைவழுவியது’ என்பதைவிட ‘இப்பதிப்பில் நிலைவழு ஏற்பட்டது’ என்று எழுதுவது தெளிவாக இருக்கும் எனக் கருதுகிறேன்; இதில் மாற்றுக் கருத்துடையவர்கள் எடுத்துக்காட்டுத் தொடரோடு எழுதினால், சொற்பட்டியலில் சேர்க்கும்முன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.