எடிட்டர் எழுதிப் பார்த்தவர்களே, சொற்களுக்கு நிறம் போட்ட கதையைச் சொல்லுங்கள்

நோட்பேட் மாதிரி சொந்தமாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதுவது கல்லூரி புராஜெக்ட்களில் இன்னும் ஓயவில்லை. கோப்பைத் திறப்பது, சேமிப்பது, தேடுவது வரை சுலபமாக வந்துவிடும். கீவேர்டுகளை, அதாவது 'இஃப்', 'ரிட்டர்ன்' போல புரோகிராம் மொழிக்கே சொந்தமான சொற்களை, மட்டும் வேறு நிறத்தில் காட்டலாமே என்று ஆசைப்படும் இடத்தில்தான் வண்டி நிற்கும்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஜாவாவில் எழுதிய தன் எடிட்டரைக் காட்டினார். 'சொல்' என்று ஒரு கிளாஸ், ஒவ்வொரு சொல்லும் அதன் அச்சில் வார்த்த ஒரு ஆப்ஜெக்ட். எழுத்துகள், நிறம், தடிமன் எல்லாம் அதற்குள். வரி என்றால் சொற்களின் பட்டியல், கோப்பு என்றால் வரிகளின் பட்டியல். தான் கீவேர்டா இல்லையா என்று சொல்லே பார்த்துக்கொள்ளும். கேட்க அழகாகத்தான் இருந்தது.

'ரிட்டர்ன்' என்ற சொல்லின் நடுவில் கர்சரை வைத்து ஸ்பேஸ் தட்டச் சொன்னேன். ஒரு ஆப்ஜெக்ட் இரண்டாக உடைய வேண்டும், இரண்டுமே கீவேர்டு இல்லை என்று தெரிய வேண்டும். பேக்ஸ்பேஸ் அடித்தால் மறுபடி ஒட்ட வேண்டும். சரி, வரித் தொடக்கத்தில் இருக்கும் நான்கு ஸ்பேஸ் எந்தச் சொல்லுக்குச் சொந்தம்? டேப்? புள்ளி, கமா? தம்பியின் கோடில் பாதிக்கு மேல் உடைப்பதற்கும் ஒட்டுவதற்குமே போயிருந்தது.

எடிட்டருக்குள் எழுத்துகளின் வரிசை மட்டும்தான் நிஜம், சொல் என்பது அதைப் படிக்கும்போது கிடைப்பது. என் கட்சி இதுதான். பெரிய எடிட்டர்களும் இப்படித்தான் செய்கின்றன. 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான பிராவோ எடிட்டர், உரையைத் துண்டுகளின் அட்டவணையாக (பீஸ் டேபிள்) வைத்தது. விஎஸ் கோட் 2018இல் அதே பீஸ் டேபிளின் மர வடிவத்துக்கு மாறியது. ஈமாக்ஸ் எடிட்டரில் இருப்பது, கர்சர் இருக்கும் இடத்தில் காலி இடம் விட்டு வைக்கும் கேப் பஃபர். மூன்றிலும் 'சொல்' என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. உரையைத் தொடாமல் பக்கத்தில் 'இங்கே தொடக்கம், இங்கே முடிவு, இந்த நிறம்' என்று ஒரு பட்டியல் வைத்தால் போதும். வரி மாறினால் அந்த வரியின் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். எண்பது எழுத்து வரியைத் திரும்பப் படிக்க கம்ப்யூட்டருக்கு நேரமே ஆகாது. தம்பி முதலில் நம்பவில்லை, மாற்றி எழுதிய பிறகு ஒப்புக்கொண்டார்.

* * *

நல்ல இழை சார். நான் டாட்நெட் விண்ஃபார்ம்ஸில் விண்டோஸ் புரோகிராம் எழுதும் ஆள். முன்பு வேலை பார்த்த இடத்தில் டேட்டாபேஸ் கேள்விகளை எஸ்க்யூஎல் மொழியில் எழுத ஒரு சின்ன டூல் இருந்தது, நிறம் காட்டத் தெரிந்த ரெடிமேட் உரைப் பெட்டியான ரிச்டெக்ஸ்ட்பாக்ஸை வைத்துச் செய்தது. அதில் ஒரு சொல்லின் நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்தச் சொல்லை செலக்ட் செய்தாக வேண்டும். ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் கோட் முழுக் கோப்பையும் செலக்ட் செய்து, நிறம் போட்டு, கர்சரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். திரை ட்யூப்லைட் மாதிரி மினுக்கும். மாற்றிய வரிக்கு மட்டும் நிறம் போடு, அதுவரை திரையை வரையாதே என்று சொன்னதும் மினுக்கல் நின்றது.

ஆனால் கன்ட்ரோல் இசட் அடித்தால் தட்டிய எழுத்து போகாது, நிறம் போகும்! நிறம் மாற்றுவதையும் ஒரு திருத்தமாக எண்ணி அன்டூ பட்டியலில் சேர்த்துவிடுகிறது அந்தக் கன்ட்ரோல். எடிட்டர் செய்வதற்கென்றே உள்ள சின்டில்லா லைப்ரரியில் இந்தத் தொல்லை கிடையாது. நோட்பேட் பிளஸ் பிளஸ் அதன் மேல்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டைல் பைட் இருக்கும், அன்டூவுக்குள் உரை மட்டும்தான் போகும். நீங்கள் சொன்ன 'பக்கத்தில் வை' என்பதேதான்.

* * *

நீங்கள் இருவரும் ஆங்கிலக் கீவேர்டோடு நின்றுவிட்டீர்கள். தமிழ்ச் சொல்லுக்கு நிறம் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பைத்தானில், திரை வரையும் டிகின்டர் லைப்ரரியை வைத்து, தமிழ்க் கட்டுரைகளில் கேட்ட சொல்லைக் காட்டும் கருவி எங்களுடையது. சொற்களைப் பிரிக்க, எல்லோரும் செய்வதுபோல ரீஜெக்ஸில் (உரையில் வடிவம் தேடும் குறிமொழி) பேக்ஸ்லாஷ் டபிள்யூ, அதாவது 'சொல்லில் வரக்கூடிய எழுத்து'. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வந்தது. இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. பைத்தானின் வழக்கமான ரீஜெக்ஸ் லைப்ரரி அவற்றைச் சொல்லின் பகுதியாக எடுப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பேக்ஸ்லாஷ் டபிள்யூவுக்கும் சொல் எல்லைக்கும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறொன்றும் தெரியாது. யூனிகோடின் தமிழ்த் தொகுதி முழுவதையும் வரம்பாகக் கொடுத்து, தொடர்ச்சியாக வருவதை ஒரு சொல் என்று எடுத்தோம். சரியாக வந்தது.

அடுத்தது 'பல' என்று தேடியபோது. 'பல்' என்ற சொல்லிலும் ப, ல இரண்டும் அப்படியே இருக்கின்றனவே. முதல் இரண்டுக்கு மஞ்சள் போட்டு, புள்ளியை வெளியே விட்டது. திரையில் மஞ்சள் 'பல', பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம், அதன் தலையில் அனாதையாக ஒரு புள்ளி. பொருத்தம் முடியும் இடத்துக்கு அடுத்து குறி வந்தால் அது பொருத்தமே இல்லை என்று ஒரு சோதனை சேர்த்தோம். 'கொ'வும் படுத்தியது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தே எழுதும் யூனிகோடின் பொது வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்போது நீளம் குறையலாம், ஆகவே மாற்றிய பிரதியில் கிடைத்த இடத்தை அப்படியே மூல உரையில் போடக் கூடாது.

'மரம்' தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' வராதா என்று பயன்படுத்துபவர்கள் கேட்கிறார்கள். அது எடிட்டர் வேலையே இல்லை, இலக்கண வேலை.

* * *

முதல் பதிவுக்கு ஒரு திருத்தம், நண்பரே. மாறிய வரியை மட்டும் படித்தால் போதாது. முதல் வரியில் யாராவது /* என்று தட்டினால் கீழே உள்ள எல்லாமே கமென்ட், அதாவது புரோகிராமில் சேராத வெறும் குறிப்பு, ஆகிவிடுகிறதே!

இதற்கு கிலோ எடிட்டரைப் படிக்கச் சொல்வேன். ரெடிஸ் டேட்டாபேஸை எழுதிய சால்வடோர் சான்ஃபிலிப்போ 2016இல் வெளியிட்டது, சி மொழியில் ஆயிரம் வரிக்கும் குறைவு. ஒவ்வொரு வரியும் மூன்று அரே (பட்டியல்) வைத்திருக்கும்: உள்ளபடி எழுத்துகள், டேபை விரித்துத் திரைக்குத் தயாரான எழுத்துகள், அந்த இரண்டாவதன் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு நிற எண். இவற்றோடு, வரி முடியும்போது கமென்ட் திறந்தே இருக்கிறதா என்று ஆம், இல்லை மட்டும் சொல்லும் ஒரு கொடி. திரும்பப் படித்ததில் கொடி மாறியிருந்தால் அடுத்த வரிக்குப் போகும், மாறாவிட்டால் அங்கேயே நிற்கும். திரை வரையும் க்யூடி லைப்ரரியின் ஹைலைட்டரும் முந்தைய வரியின் நிலையை இப்படித்தான் கேட்டு வாங்குகிறது.

தமிழுக்கு கிலோ உதவாது. அது பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் 'தமிழ்' 15 பைட், ஆக அதைத் தாண்ட அம்புக்குறியை 15 முறை அழுத்த வேண்டும்.

தேடல் நிறத்தை கிலோ கீவேர்டு நிறத்தின் மேலேயே எழுதிவிடுகிறது. அதனால் அந்த வரியின் பழைய நிறங்களை ஒரு பிரதி எடுத்து வைத்து, அடுத்த பொருத்தத்துக்குப் போகும்போது திருப்பிப் போடுகிறது. டிகின்டர்காரருக்கு அந்த வேலையும் இல்லை. தேடலுக்குத் தனி டேக் (உரையின் ஒரு பகுதிக்கு ஒட்டும் நிறச் சீட்டு) வைத்து, அதைக் கீவேர்டு டேகுக்கு மேலே உயர்த்திவிடுங்கள். தேடல் முடிந்ததும் அந்த டேகை மட்டும் எடுத்தால் போதும்.