‘நாம் வாங்’ யாருடைய ஊர்? ஊர்சுற்றியின் வியட்நாம்–கம்போடியா கட்டுரைக்கு ஒரு மறுப்பு

காவிரிக்கரையான்:
ஊர்சுற்றி நேற்றுப் போட்ட ‘வழிகாட்டியுடன் 9 நாள்’ பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதை மறுக்கவில்லை. தெற்கு வியட்நாமில் கன் தோ பக்கத்தில் காய் ராங் மிதக்கும் சந்தையில் படகுக்காரர்கள் தாங்கள் விற்கும் சரக்கில் ஒன்றை நீளக் கழியின் உச்சியில் கட்டித் தொங்கவிடுவார்கள், அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு, பூசணி தொங்கினால் பூசணிப் படகு, அதையெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரையின் ஏழாம் பத்தியில் போகிற போக்கில் ஒரு குண்டு போட்டிருக்கிறார்: “ஹூ தியூ நாம் வாங் வியட்நாமின் சொந்த சூப். கம்போடியாவில் அதைப் பார்த்துச் செய்கிறார்கள். கெமர் சமையல் என்று தனியாக ஒன்றும் இல்லை.”

ஐயா, ‘நாம் வாங்’ என்றால் என்ன என்று உங்கள் வழிகாட்டியைக் கேட்டீர்களா? அது கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு வியட்நாமியர் வைத்த பழைய பெயர். ஹூ தியூ என்பது அரிசி நூடுல்ஸ், ஹூ தியூ நாம் வாங் என்றால் ‘புனோம் பென் ஹூ தியூ’. பெயரிலேயே ஊர் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஊர்சுற்றி:
முதலில் நன்றி. ஏழாம் பத்தி வரைக்கும் படித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் வழிகாட்டி கன் தோவில் பிறந்து வளர்ந்தவர், மூன்று தலைமுறையாக அங்கேதான். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். ஹூ தியூ செய்யும் பட்டறைக்கே கூட்டிப் போனார். அரிசி மாவைக் கரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமேல் தோசை மாதிரி ஊற்றி, மூடி வைத்து ஆவியில் வேகவிட்டு, எடுத்து மூங்கில் தட்டியில் வெயிலில் காயப்போட்டு, அப்புறம்தான் நாடா நாடாக வெட்டுகிறார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். மி தோவுக்கு ஒரு ஹூ தியூ, சா டெக்குக்கு ஒரு ஹூ தியூ என்று ஊருக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எந்த நாட்டில் இருக்கிறது? வியட்நாமில்.

பெயரில் ஊர் இருந்தால் போதுமா? அப்படியானால் மைசூர் போண்டா சாப்பிட மைசூருக்கு ரயில் ஏற வேண்டும்.

காவிரிக்கரையான்:
மைசூர் போண்டாவை ஏன் இழுக்கிறீர்கள், திருநெல்வேலி அல்வாவைச் சொல்லுங்களேன். அது எந்த ஊர்? சொல்லமாட்டீர்கள், ஏனென்றால் அது திருநெல்வேலி.

புனோம் பென்னில் காலை ஆறு மணிக்குச் சந்தை ஓரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பன்றி எலும்பும் காய்ந்த கணவாயும் போட்டு இரவெல்லாம் கொதித்த தெளிந்த சாறு, மேலே பொரித்த பூண்டு, கொத்திய இறைச்சி, ஈரல், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. சாறு வேண்டாம் என்றால் நூடுல்ஸைத் தனியாகப் பிரட்டி, சாற்றை வேறு கிண்ணத்தில் தருவார்கள். அதற்குப் பெயர் குய் தியூ. அலுவலகம் போகிறவர், முச்சக்கர வண்டிக்காரர், பள்ளிப் பிள்ளை எல்லாருக்கும் அதுதான் காலை உணவு. உங்கள் கட்டுரைப்படி நீங்கள் கம்போடியாவில் இருந்ததே ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் ஒரு நாள் அங்கோர், மீதி நேரம் விடுதி நீச்சல் குளம். படம் போட்டிருக்கிறீர்களே.

பினாங்குத் தம்பி:
அண்ணன்மார் இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர்ச் சாலையோரக் கடைகளில் சார் கோய் தியாவ் என்று ஒன்று விற்கிறது, தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் வரிசையில் நின்று வாங்குவோம். அந்தக் கோய் தியாவ்தான் உங்கள் ஹூ தியூ, அதேதான் குய் தியூ. தியோச்சூ சீனர் பேச்சில் அரிசி மாவுப் பட்டை என்று பொருள். மேக்கொங் கழிமுகத்திலும் புனோம் பென்னிலும் குடியேறிய தியோச்சூக்காரர்கள் கொண்டுவந்தது. ஆக, நீங்கள் இருவரும் அடுத்த வீட்டுச் சொத்துக்குச் சண்டை போடுகிறீர்கள்.

காவிரிக்கரையான்:
தம்பி, நூடுல்ஸ் சீனருடையது, யார் இல்லை என்றது? நான் பேசுவது சூப்பை. சூப்பின் பெயரில் நாம் வாங் இருக்கிறது.

ஊர்சுற்றி:
நூடுல்ஸ் இல்லாத நூடுல்ஸ் சூப். இவரோடு நான் என்ன பேச?

சொல்லேருழவன்:
ஒரு சிறு வேண்டுகோள். ‘ஒரு நாட்டின் உணவு’ என்று எதைச் சொல்கிறோம்? சமைக்கும் பொருள் விளைந்த இடமா, முதலில் சமைத்தவரின் இனமா, இன்று அதிகம் உண்பவர்களா, பெயர் தந்த ஊரா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி விவாதம் குறையும்.

இன்னொன்று. கட்டுரையில் வியட்நாம் நூடுல்ஸ் சூப் ஒன்றின் பெயர் ‘ஃபோ’ என்று பத்து முறை வருகிறது. அது ஃபோ இல்லை. ‘ஃப’ என்று தொடங்கிக் கேள்வி கேட்பதுபோல் குரலை இறக்கி ஏற்ற வேண்டும்.

ஊர்சுற்றி:
எழுத்தில் எப்படி ஐயா குரலை இறக்கி ஏற்றுவது? கட்டுரை எழுதினேனா, கச்சேரி செய்தேனா?

சொல்லேருழவன்:
குறைந்தபட்சம் ‘ஃபோ’ என்று நெடிலாக எழுதாமல் இருந்திருக்கலாம்.

மரக்கறிக்காரி:
நான் யாழ்ப்பாணம். வருகிற தை மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இதே பயணம் போகிறோம். இருவரும் சைவம். வியட்நாமில் ‘சாய்’ என்று கேட்டால் மரக்கறிச் சாப்பாடு தருவார்கள், அமாவாசை பௌர்ணமியில் ஊரே சாய் சாப்பிடும் என்று படித்தேன். கம்போடியாவில் எப்படி? ப்ரஹோக் என்ற மீன் விழுதை எல்லாவற்றிலும் போடுவார்களாமே? யாராவது சொல்லுங்கோ அண்ணா.

காவிரிக்கரையான்:
தங்கச்சிக்குப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். முதலில் இந்த ‘கெமர் சமையல் (கம்போடியாவின் பெரும்பான்மை மக்கள் கெமர்கள்) என்று ஒன்றும் இல்லை’ என்பதை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இரவு தூக்கம் வரவில்லை.

ஊர்சுற்றி போன வழியையே எடுத்துக்கொள்வோம். சைகோன், கன் தோ, சொக் ட்ராங், சாவ் டொக், அங்கிருந்து ஐந்து மணி நேரப் படகில் புனோம் பென். சைகோனுக்குக் கெமர் மொழியில் இன்னும் ப்ரே நொகோர் என்றுதான் பெயர், அது ஒரு காலத்தில் கெமர் மீனவர் ஊர். கழிமுகம் முழுவதையும் கெமர்கள் ‘கீழ்க் கம்போடியா’ என்றே சொல்வார்கள். இன்றைக்கும் வியட்நாமில் சுமார் 13 லட்சம் கெமர் மக்கள், பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். சொக் ட்ராங்கில் நீங்கள் படம் எடுத்துப் போட்ட வௌவால் கோயில் கெமர் கோயில். கூரை நுனியில் பாம்பு வால் மாதிரி வளைந்து நிற்கிறதே, அதைப் பார்த்தும் ‘வியட்நாமியக் கலைநயம்’ என்று தலைப்பு வைத்தீர்கள். (ஐந்து குளம்புள்ள பன்றிகளுக்கு அங்கே கல்லறை கட்டியிருப்பதை எழுதாமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, எவ்வளவு நல்ல விஷயம்.) அதே ஊரில் புன் நுவொக் லேவ் என்று மீன் சாற்றில் நூடுல்ஸ் சாப்பிட்டு ‘வியட்நாமின் கைவண்ணம்’ என்று புகழ்ந்தீர்கள். அந்தச் சாற்றுக்கு வாசனை தருவது ப்ரஹோக், கம்போடியாவின் டோன்லே சாப் ஏரி மீனை மிதித்து உப்புப் போட்டுப் புளிக்கவைக்கிற கெமர் வீட்டுச் சரக்கு. வியட்நாமியர் அதை ‘மாம் போ ஹோக்’ என்பார்கள். அங்கேயும் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்.

அந்த ஏரியே ஓர் அதிசயம். மழைக்காலத்தில் மேக்கொங் பெருகினால் டோன்லே சாப் ஆறு திசை மாறி மேல்நோக்கி ஓடி ஏரியை நிரப்பும், மழை முடிந்ததும் திரும்பிக் கீழே ஓடும். அந்த மீன் இல்லாமல் ப்ரஹோக் இல்லை, ப்ரஹோக் இல்லாமல் கெமர் அடுப்பு இல்லை. எலுமிச்சைப் புல், மஞ்சள், பேரரத்தை எல்லாம் இடித்த க்ரோயுங் விழுதும் தேங்காய்ப் பாலும் சேர்த்து வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வைக்கிற ஆமோக்கை எங்கே வைப்பீர்கள்? அதையும் கன் தோ வழிகாட்டிதான் கண்டுபிடித்தாரா?

சூப்புக்கு வருகிறேன். 1970இல் லோன் நோல் ஆட்சியைப் பிடித்ததும் கம்போடியாவில் வியட்நாமியரைக் கொன்று விரட்டினார்கள். லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி சைகோனுக்கு ஓடிவந்தார்கள். அப்படிப் போனவர்கள் போட்ட கடைகளில்தான் நாம் வாங் பெயர் பலகை ஏறியது. புனோம் பென்னிலிருந்து வந்தவர் புனோம் பென் சூப் என்று எழுதினார். பெயரிலேயே இருக்கிறது.

ஊர்சுற்றி:
இவ்வளவு நீளம் எழுதியதற்குப் பதில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். கடை போட்டவர்கள் வியட்நாமியர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் அது யாருடைய சூப்?

கூடுதலாக: சைகோன் கிண்ணத்தில் காடை முட்டை இருக்கும், இறால் இருக்கும். உங்கள் சந்தை ஓரக் கிண்ணத்தில் காடை முட்டை இருந்ததா?

காவிரிக்கரையான்:
காடை முட்டை ஒரு அலங்காரம்.

ஊர்சுற்றி:
இருந்ததா, இல்லையா?

காவிரிக்கரையான்:
சாப்பிட்டு ஆறு வருடம் ஆகிறது, முட்டை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்?

சோழநிலா:
சூப்புக்கு அடித்துக்கொள்கிறீர்கள், வெட்கமாக இல்லையா? அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழன். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. சூரியவர்மன். பெயரைப் பாருங்கள். பல்லவர்கள் எல்லாரும் வர்மன்தான்.

காவிரிக்கரையான்:
வந்துவிட்டார். இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன் அம்மா, 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்குக் கட்டினான். வர்மன் என்பது வடமொழி, அந்தக் காலத்தில் இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா நாட்டிலும் அரசர்கள் அப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் உறவு இருந்தது உண்மை, காம்போச (கம்போடிய) அரசன் ராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்புக் கேட்டான் என்று கரந்தைச் செப்பேடே சொல்கிறது. தேர் அனுப்பியவன் தமிழன் ஆகிவிட மாட்டான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாட முடியாது.

பினாங்குத் தம்பி:
அண்ணே.

ஊர்சுற்றி:
நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருக்கிற கடைசி வரியை மட்டும் எல்லாரும் ஒருமுறை படியுங்கள். “பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாட முடியாது.” சட்டம் போட்டு மாட்டலாம்.

காவிரிக்கரையான்:
ஊர்ப்பெயர் வேறு, ஆள்பெயர் வேறு. இதுகூடத் தெரியாதவரோடு பேசுகிறேன்.

சோழநிலா:
சைகோனில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அதுவும் கெமரா?

மரக்கறிக்காரி:
அது பென் தான் சந்தைக்குக் கிட்ட இருக்குதாம், தமிழ் வணிகர்கள் கட்டினது, இப்போது வியட்நாம் ஆட்களும் சீனரும்தான் கூடுதலாக வந்து ஊதுவத்தி ஏற்றுவார்கள் என்று அங்கு போய்வந்த மாமி சொன்னார். அம்மாவுக்கு அதைத்தான் முதலில் பார்க்கவேணும். என்னுடைய ப்ரஹோக் கேள்வி அப்படியே கிடக்குது.

பினாங்குத் தம்பி:
அக்கா, அந்தச் சைகோனில் ‘கா ரி’ என்று தேங்காய்ப் பாலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கோழிக் கறி செய்து ரொட்டியோடு தருவார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் ஆட்கள் கொண்டுபோன பெயர் அது. பெயரிலேயே கறி இருக்கிறது. காவிரி அண்ணன் கணக்குப்படி அது தமிழ்நாட்டுச் சாப்பாடு. ஆனால் அதில் எலுமிச்சைப் புல் போடுகிறார்கள், அதையும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

காவிரிக்கரையான்:
தம்பி, ஊர்சுற்றிக்கு வக்காலத்து வாங்கும் ஆசை இருந்தால் நேராகச் சொல்லிவிடு. போன வருடம் கண்டிப் பயணக் கட்டுரையில் கொத்துரொட்டி விவாதத்திலும் நீ இப்படித்தான் நடுவில் நின்று சிரித்துக்கொண்டு கடைசியில் அவர் பக்கம் சாய்ந்தாய்.

ஊர்சுற்றி:
அதுதானே பார்த்தேன். கொத்துரொட்டியில் தோற்றது இன்னும் ஆறவில்லை. சூப்பு ஒரு சாக்கு.

காவிரிக்கரையான்:
தோற்றேனா? விவாதத்தைப் பூட்டியது நிர்வாகி. 140 பதிவில் 60 என்னுடையது, ஒன்றுக்கும் உங்களிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வழிகாட்டி உங்களைப் பட்டுக் கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கோரில் சூரிய உதயம் போயிற்று. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. 25 டாலர் கூடக் கொடுத்திருந்தால் பாயோன் கோயிலின் கல் முகங்களை நின்று நிதானமாகப் பார்த்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தரகுக்காரர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு ஒரு நாட்டுக்குச் சமையலே இல்லை என்று எழுதுகிறீர்கள்.

ஊர்சுற்றி:
பட்டுக்கடைக்குப் போனது முந்தின நாள் மாலை. மாலையில் போனால் காலை உதயம் எப்படிப் போகும்? படிக்காமல் சண்டை போடுவது என்றால் இதுதான்.

பட்டுக்கடையில் என் மனைவிக்கு ஒரு க்ராமா துண்டு வாங்கினேன். கட்டம் போட்டது. அதே கட்டம்தான் கன் தோவில் படகோட்டும் பாட்டிகள் கழுத்திலும் இருந்தது, அங்கே கான் ரான் என்கிறார்கள். அது யாருடையது என்று கேட்டு அடுத்த மறுப்பை ஆரம்பித்துவிடாதீர்கள்.

காவிரிக்கரையான்:
கெமருடையது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

சொல்லேருழவன்:
நான் மேலே கேட்ட வரையறைக் கேள்விக்கு ஒருவரும்…

ஊர்சுற்றி:
ஐயா, காடை முட்டைக்கே இன்னும் பதில் வரவில்லை.

மரக்கறிக்காரி:
சரி, நான் வழிகாட்டியிடமே கேட்டுக்கொள்கிறேன்.

காவிரிக்கரையான்:
தங்கச்சி, பொறு, அந்த வழிகாட்டி எந்த ஊர்? கன் தோ என்றால் கேட்காதே. கேட்டால் நாம் வாங்கும் வியட்நாமில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெயரிலேயே