விலைதான் விற்றது: ஸ்பெக்ட்ரம் விற்ற அனுபவம்

இங்கிலாந்தில் சிங்க்ளேர் கம்பெனியின் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படி அவ்வளவு விற்றது என்று கேட்டால் நான் முதலில் விலையைத்தான் சொல்வேன். 1982 ஏப்ரலில் வந்தபோது 16கே (16 கிலோபைட் நினைவகம்) மாடல் 125 பவுண்டு, 48கே 175. போட்டிக் கம்ப்யூட்டரான பிபிசி மைக்ரோ பி மாடலோ 399! பள்ளிக்கூடங்கள் அதை வாங்கின, அப்பாக்கள் இதை வாங்கினார்கள். அடுத்த வருஷம் விலை 99.95, 129.95 என்று இறங்கியதும் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் ஒரு கடையில் சனிக்கிழமை வேலை பார்த்தேன். காட்சிக்கு வைத்த மெஷினைச் சுற்றி எப்போதும் பையன்கள்தான். ரப்பர் கீயில் பி-யைத் தட்டினால் 'பிரிண்ட்' என்று முழுச் சொல்லே திரையில் வந்து விழும். ஜி-க்கு 'கோ டு'. இரண்டு வரி புரோகிராம் போட்டு, கூட வந்தவனைத் திட்டி ஏதாவது ஓடவிட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். திரை நிறைந்ததும் 'ஸ்க்ரோல்?' என்று கேட்டு நிற்கும். அடுத்து வருபவன் ஒரு கீயைத் தட்ட, திட்டு மறுபடி ஆரம்பிக்கும்.

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை படிப்புக்கு உதவுமா?" உதவும் என்போம். பில் போடுவதற்குள் பையன் இரண்டு கேம் கேசட்டோடு வந்து நிற்பான். என்னைக் கேட்டால் விலைக்கு அடுத்து மெஷினை விற்றுக்கொடுத்தது அந்தக் கேசட்டுகள்தான். வீட்டு டேப்ரெக்கார்டரில் நண்பனுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுக்க முடிந்ததும் அதில் சேர்த்தி (கடையில் இதைச் சொல்லமாட்டோம்).

மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் விற்ற மெஷின். ஆனால் 1984-ல் வந்த கியூஎல் என்ற சிங்க்ளேரின் அடுத்த கம்ப்யூட்டர் சறுக்கியது. 1986-ல் சிங்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரம் பெயரோடு சேர்த்து 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் என்ற போட்டிக் கம்பெனியிடம் போய்விட்டது.

* * *

அண்ணா, உங்கள் ஸ்பெக்ட்ரம் கதையைப் படித்தேன். நான் இருந்த அமெரிக்காவில் கதை வேறு. அப்போது இங்கே கொமடோர் கம்பெனியின் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்தான் ராஜா. 1982-ல் 595 டாலர்; 83 நடுவிலேயே 200 பக்கம் வந்துவிட்டது. சிப் செய்யும் மாஸ் டெக்னாலஜி அவர்களுடைய கம்பெனியே, அதனால் கட்டுப்படியானது. போட்டிக் கம்பெனியான டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தாக்குப்பிடிக்க முடியாமல் அந்த அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே விட்டது.

அப்போது வேறு கம்பெனி கம்ப்யூட்டரையோ வீடியோ கேம் பெட்டியையோ கொடுத்தால் 64-க்கு 100 டாலர் தள்ளுபடி. என் ரூம்மேட் 50 டாலருக்கும் குறைவாக ஒரு டைமக்ஸ் சிங்க்ளேர் 1000-ஐ (சிங்க்ளேரின் கம்ப்யூட்டர்தான், இங்கே டைமக்ஸ் பெயரில் விற்றது) புதுசாக வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அனுப்பி 100 டாலரை வாங்கிவிட்டான். அவன் மட்டுமில்லை, நிறையப் பேர் இதைச் செய்தார்கள். உங்கள் சிங்க்ளேருக்கு இந்தப் பக்கம் நல்ல விற்பனை என்றால் அதில் எங்கள் பங்கும் உண்டு!